பத்துக்குப் பன்னிரண்டு அறையும் பத்து லட்ச ரூபாய் ஸ்பீக்கரும்

பாட்டு நன்றாகக் கேட்க வேண்டுமா, நல்ல கருவி வாங்கு. இன்னும் நன்றாகக் கேட்க வேண்டுமா, அதைவிட விலை கூடிய கருவி வாங்கு. திருச்சியில் இசை கேட்பதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டவர்களிடையே இன்று இதுதான் வேதவாக்கு. தில்லைநகர் அடுக்குமாடிகளிலும் கன்டோன்மென்ட் வீடுகளிலும் ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதிகளிலும் இதை நம்புகிற நல்ல ரசிகர்கள் பலரை எனக்குத் தெரியும். பெல் நிறுவனத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர்கள், மருத்துவர்கள், சிங்கப்பூரில் சம்பாதித்துத் திரும்பியவர்கள். ஆம்ப்ளிஃபயரை மாற்றுகிறார்கள்; பிறகு ஸ்பீக்கரை; பிறகு இரண்டையும் இணைக்கும் ஒயரை; பிறகு மறுபடி ஆம்ப்ளிஃபயரை. ஒவ்வொரு முறையும் திரை விலகிய மாதிரி இருக்கிறது என்கிறார்கள். ஆறு மாதத்தில் மனம் மறுபடி குறை காணத் தொடங்கிவிடுகிறது.

இந்த நம்பிக்கை தவறு. இது அவரவர் பொழுதுபோக்கு என்று விட்டுவிடவும் எனக்கு மனமில்லை. காசு அவர்களுடையது, செலவழிக்கட்டும். ஆனால் எந்தப் பாட்டைக் கேட்பது, எதை ஒதுக்குவது என்பதையும் இப்போது கருவியே முடிவு செய்கிறது. நம் இசைப் பதிவுகளில் எது பிழைக்கும், எது அழியும் என்பதுவரை அதன் கை நீண்டிருக்கிறது. அதனால்தான் இதை மறுத்து எழுத வேண்டியிருக்கிறது.

சீக்கிரம் முடிகிற விஷயங்களை முதலில் முடித்துவிடுவோம். பெட்டிமேல் பி.எம்.பி.ஓ. என்று போட்டு 2,000 வாட், 5,000 வாட் என்று அச்சடிக்கிறார்கள். அதே செட்டைத் திருப்பிப் பின்பக்கத்து லேபிளைப் பாருங்கள். மின்சாரம் எடுப்பது 60 வாட்டோ 80 வாட்டோ என்றிருக்கும். உள்ளே போகாத சக்தி வெளியே வராது. இந்த ஏமாற்று, ஆடியோஃபைல்கள் எனப்படும் நம் ஒலிப்பித்தர்களுக்கும் தெரியும். ஆனால் அவர்களே 50 வாட் ஆம்ப்ளிஃபயரை விற்றுவிட்டு 100 வாட் வாங்கும்போது, கூடுவது 3 டெசிபல் மட்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும்; அதற்கு வாட் பத்து மடங்காக வேண்டும்.

ஒயர் விவகாரமும் இப்படித்தான். வீட்டு வயரிங்குக்கு வாங்குகிற 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கர் 5 மீட்டர் தள்ளி இருந்தால், போக வர 10 மீட்டர். அதன் மின்தடை 0.07 ஓம். ஸ்பீக்கரோ 8 ஓம். நூறில் ஒரு பங்குகூட இல்லாத இந்தத் தடையால் குறைகிற சத்தம் ஒரு டெசிபலில் பத்தில் ஒரு பங்கையும் எட்டாது. ஐம்பதாயிரம் ரூபாய் ஒயர் இதைவிட நன்றாகச் செய்வதற்கு அங்கே வேலையே மிச்சமில்லை.

ஸ்பீக்கர் அப்படி அல்ல. ஒரு ஸ்பீக்கருக்கும் இன்னொன்றுக்கும் உண்மையிலேயே வித்தியாசம் உண்டு. அளந்தாலும் தெரியும், கேட்டாலும் தெரியும். கனடாவில் ஃபிளாய்ட் டூல் 1980களில் தொடங்கிப் பல ஆண்டுகள் இதைச் சோதித்தார். திரைக்குப் பின்னால் ஸ்பீக்கரை வைத்துக் கேட்கச் செய்தால், பழகிய காதும் பழகாத காதும் பெரும்பாலும் ஒரே மாதிரியான ஸ்பீக்கரையே விரும்புகின்றன. எல்லாச் சுரங்களையும் ஏற்றத்தாழ்வின்றி, நேர் எதிரிலும் பக்கவாட்டிலும் சீராகத் தருகிற ஸ்பீக்கர் அது. டூலும் ஷான் ஆலிவும் 1994-இல் இன்னொன்றையும் காட்டினார்கள். திரையை எடுத்துவிட்டால், அதே ஆட்கள் அதே ஸ்பீக்கர்களுக்கு வேறு மதிப்பெண் போடுகிறார்கள். கண் பார்த்ததைக் காது கேட்டதாகச் சொல்லிவிடுகிறது. ஆகவே நல்ல ஸ்பீக்கர் வாங்குங்கள். ஒரு முறை, நன்றாக விசாரித்து. அதற்குமேல் அந்த வரிசையில் ஏற ஏற, கிடைப்பது குறைந்துகொண்டே போகிறது. அதற்குக் காரணம் ஸ்பீக்கரில் இல்லை, அதை வைத்திருக்கும் அறையில் இருக்கிறது.

இங்கேதான் கொஞ்ச நேரம் நிற்க விரும்புகிறேன். நம் ஊரில் வீடு கட்டும் எவரிடமும் அறை என்ன அளவு என்று கேளுங்கள். பத்துக்குப் பன்னிரண்டு என்பார்கள். தளத்தின் உயரம் பத்தடி. நான்கு பக்கமும் சிமென்ட் பூச்சு, மேலே கான்கிரீட், கீழே கிரானைட் அல்லது பளபளக்கும் டைல்ஸ். இந்த அறையில் ஒலிக்கு என்ன நேர்கிறது? எதிரெதிரான இரண்டு சுவர்களுக்கு நடுவே, அவற்றின் இடைவெளியைப் போல இரண்டு மடங்கு நீளமுள்ள அலை வந்தால், அது போக வழியின்றி அங்கேயே நின்று வீங்கும். திருச்சி வெயிலில் ஒலியின் வேகம் வினாடிக்கு 349 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், பன்னிரண்டடி நீளத்துக்கு அது 48 ஹெர்ட்ஸ். பத்தடி அகலத்துக்கு 57 ஹெர்ட்ஸ். உயரமும் பத்தடிதான், எனவே அதுவும் 57. அகலமும் உயரமும் ஒன்றாக இருப்பதால் ஒரே சுரத்தில் இரண்டு வீக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்காருகின்றன. பத்தாயிரம் ரூபாய் ஸ்பீக்கர் வைத்தாலும் பத்து லட்ச ரூபாய் ஸ்பீக்கர் வைத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. விலை கூடிய ஸ்பீக்கர் தாழ்ந்த சுரங்களை இன்னும் நன்றாகத் தருவதால் வீக்கம் கூடத்தான் செய்யும்.

தில்லைநகரில் ஒரு நண்பர் வீட்டில் இதைக் கேட்டேன். ஆளுயர ஸ்பீக்கர், எடை தூக்க இரண்டு பேர் வேண்டும். சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார். கச்சேரிப் பதிவு ஓடியது. மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியில் கை விழும்போதெல்லாம் அறை முழுக்க ஒரே 'ஊம்' என்ற முழக்கம். கும்கி எங்கே வளைகிறது, எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. ஆம்ப்ளிஃபயருக்குப் பிடிமானம் போதவில்லை, அடுத்த மாதம் மாற்றப் போகிறேன் என்றார். "அண்ணே, சோபாவை மூணடி முன்னாடி இழுத்துப் பார்ப்போமா?" என்றேன். "இழுத்துப் பாருப்பா" என்றார். இழுத்தோம். ஸ்பீக்கர் இரண்டையும் மூலையிலிருந்து ஒன்றரை அடி வெளியே நகர்த்தினோம். உள்ளறையில் சுருட்டிக் கிடந்த இலவம்பஞ்சு மெத்தையைக் கொண்டுவந்து, சோபாவுக்குப் பின்னால் சுவரில் சாய்த்தோம். அதே பதிவு, அதே ஆம்ப்ளிஃபயர். தொப்பி தொப்பியாகக் கேட்டது. பாடகரின் குரல் சுவரை விட்டு முன்னால் வந்து நின்றது. அழுத்தம் மிக அதிகமாக இருக்கும் இடம் சுவரோரம். அங்கிருந்து தலையை எடுத்ததுதான் நாங்கள் செய்தது. செலவு ஒன்றுமில்லை. ஒரே வாரத்தில் மெத்தை உள்ளே போய்விட்டது, பார்க்க நன்றாயில்லை என்று. ஆம்ப்ளிஃபயர் மாறியது.

இதெல்லாம் புதிய ஞானம் ஒன்றுமல்ல. 1895-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை அரங்கில் பேச்சே புரியவில்லை என்றபோது, இளம் ஆசிரியராக இருந்த வாலஸ் சேபின் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவோடு இரவாகக் கொண்டுவந்து அடுக்கி, ஒலி எத்தனை வினாடியில் அடங்குகிறது என்று அளந்தார். மெத்தை கூடக்கூட எதிரொலி குறைந்தது. கட்டட ஒலியியல் அப்படித்தான் பிறந்தது. அவர் ஒலியுறிஞ்சலுக்கு அளவுகோலாக எடுத்துக்கொண்டது திறந்த ஜன்னலை. வெளியே போன ஒலி திரும்பி வராது. எனவே திறந்த ஜன்னல் என்பது நூற்றுக்கு நூறு. அவருடைய சூத்திரத்தை நம் பத்துக்குப் பன்னிரண்டுக்குப் போட்டுப் பார்த்தேன். சாமான் ஏதுமின்றி ஜன்னல் மூடியிருந்தால் ஒலி அடங்க ஏறக்குறைய மூன்று வினாடி ஆகும். நாலுக்கு நாலு ஜன்னல் ஒன்றைத் திறந்தால் அது ஏறக்குறையப் பாதியாகிவிடும். தாழ்ந்த சுரங்களுக்கு இந்தக் கணக்கு சரிவராது என்பது உண்மை. குரலுக்கும் வயலினுக்கும் வழிகாட்ட இது போதும்.

ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது உடம்பிலேயே தெரிந்திருக்கும். திண்ணை, ரேழி, கூடம், முற்றம். கூடத்தில் உட்கார்ந்து பாடினால் குரல் முற்றத்தின் வழியே வானத்துக்குப் போகும். கூரையில் மர உத்தரங்கள், நடுவில் தூண்கள், சுவரில் மாடம், மூலையில் மூட்டையும் பாயும். ஒலி மோதித் தெறிக்க ஒரே சீரான பரப்பு எங்கும் கிடையாது. அந்த வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டினோம். இடித்தது சரியா என்பது வேறு பேச்சு. வீட்டுக்காரர்களுக்கு அவரவர் காரணங்கள் இருந்தன. ஆனால் கூடத்தைக் கொடுத்துவிட்டுப் பெட்டி அறையை வாங்கியவர்கள், போன ஒலியைக் கருவிக் கடையில் தேடுகிறார்கள். அது அங்கே விற்பனைக்கு இல்லை.

அறையில் இன்னொன்றும் உண்டு. மின்விசிறி. சித்திரை மாதத்தில் அது சுற்றாமல் இந்த ஊரில் யாரும் பாட்டுக் கேட்பதில்லை. விசிறியும் தெருவும் சேர்ந்து 40, 45 டெசிபல் இரைச்சல் எப்போதும் அடியில் கிடக்கிறது. வீட்டில் உச்சமாக 90 டெசிபலில் கேட்கிறோம் என்று வைத்தாலும், பாட்டுக்குக் கிடைக்கும் இடம் ஐம்பது டெசிபல்தான். 1982-இல் வந்த சிடியின் 16 பிட் பதிவே 96 டெசிபல் தாங்கும். இதில் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று தேடி அலைவதால் விசிறிக்கு அடியில் என்ன கேட்கப் போகிறது? 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் மனிதக் காதுக்குக் கேட்பதில்லை. ஐம்பது வயது தாண்டிய பலருக்கு 12,000, 13,000 தாண்டினாலே சிரமம். 2007-இல் பாஸ்டனில் மேயர், மோரான் என்ற இருவர் உயர்தர டிஜிட்டல் பதிவை நேராகவும், நடுவில் சிடி தரத்துக்குக் குறைத்தும் 554 முறை கேட்கச் செய்து முடிவை வெளியிட்டார்கள். சரியாகச் சொன்னது 276 முறை. நாணயம் சுண்டினாலும் அவ்வளவுதான் வரும். உயர்தரப் பதிவுக்காரர்கள் உடனே லண்டனின் ஜோஷுவா ரைஸ் 2016-இல் பல ஆய்வுகளைத் தொகுத்ததை எடுத்து நீட்டுவார்கள். நீட்டட்டும். அதில் சரியான விடை நூற்றுக்கு 52.3. ஆய்வுக்கூடத்தில், விசிறி இல்லாமல், காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்டு நூற்றுக்கு இரண்டு.

இங்கே வந்ததும் கடைசி ஆயுதத்தை எடுப்பார்கள். "உன் காதுக்குப் பயிற்சி போதாது. அளவுமானியில் வராதது தேர்ந்த காதில் வரும்."

பயிற்சி பெற்ற காது என்றால் என்னவென்று இந்த ஊருக்கு யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. கச்சேரி தொடங்குமுன் மிருதங்க வித்வான் உட்கார்ந்து சுருதி சேர்ப்பதைப் பாருங்கள். மடியில் வாத்தியம், கையில் கல். வலந்தலையின் விளிம்பைச் சுற்றி ஒவ்வொரு இடமாக விரலால் மீட்டுகிறார். ஓரிடத்தில் மயிரிழை இறங்கியிருந்தால் அங்கே மேலிருந்து ஒரு தட்டு. ஏறியிருந்தால் கீழிருந்து ஒரு தட்டு. வட்டம் முழுக்க ஒரே சுரம் வரும்வரை விடுவதில்லை. சரியாகச் சேர்ந்ததா என்பதைத் தம்புரா சொல்லிவிடும். முன்வரிசையில் இருப்பவரும் சொல்லிவிடுவார். நாகஸ்வரக்காரர் கொறுக்கையில் செய்த சீவாளிகளில் ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்து ஒதுக்குவதும் இதே காதால்தான். இந்தப் பயிற்சியெல்லாம் சபை நடுவே சோதனைக்கு நிற்கிறது. தப்பினால் அத்தனை பேருக்கும் தெரியும்.

ஒயர் மாறியதைக் கேட்க முடிகிறது என்பவர்களும் அப்படி நிற்கலாமே. இரண்டு ஒயர், ஒரு துண்டு, சுண்டுவதற்கு ஒரு நாணயம், உதவிக்கு ஒரு நண்பர். ஸ்பீக்கர் முனையில் மின்னழுத்தத்தை மல்டிமீட்டரால் சமன் செய்துகொள்ள வேண்டும். ஏனென்றால் கொஞ்சம் சத்தம் கூடினாலும் காது அதையே நல்லது என்று சொல்லும். பிறகு எது எதுவென்று தெரியாமல் இருபது முறை கேட்டுச் சொல்லட்டும். நான் கேட்டுப் பார்த்த பலர் இதற்கு உட்காரவே மறுக்கிறார்கள். சோதனை என்றால் மனம் பதறுகிறது, அதனால் காது மங்கிவிடுகிறது என்கிறார்கள். முந்நூறு பேர் பார்க்க மேடையில் சுருதி சேர்ப்பவருக்கு மங்காத காது, சொந்த வீட்டுச் சோபாவில் ஏன் மங்க வேண்டும்?

"அளவுமானியில் வராது" என்பதற்கும் விடை இந்த மண்ணிலேயே இருக்கிறது. சி.வி. ராமன் 1888-இல் பிறந்தது திருவானைக்காவலில். ஒளிச்சிதறலுக்காக 1930-இல் நோபல் பரிசு பெறுவதற்கு முன்பு, பல ஆண்டுகள் அவர் ஆராய்ந்தது இசைக்கருவிகளை. விறைப்பான தோலைத் தட்டினால் வரும் மேல்சுரங்கள் அடிச்சுரத்தோடு ஒத்துப்போகாது, அது இயற்பியல். ஆனால் மிருதங்கம் சுருதியோடு பேசுகிறது. எப்படி? வலந்தலை நடுவில் கல்பொடியும் சோறும் குழைத்து அப்புகிற கருவட்டம் தோலின் எடையை மாற்றி, ஐந்து மேல்சுரங்கள்வரை ஒழுங்குக்குக் கொண்டுவந்துவிடுகிறது என்று 1920-இல் சிவகாளி குமாரோடு சேர்ந்து எழுதினார். அடுத்த ஆண்டு தம்புராவையும் வீணையையும் எடுத்தார். கம்பியை ஓரிடத்தில் மீட்டினால் அந்த இடத்தில் கணு விழும் மேல்சுரங்கள் ஒலிக்கக் கூடாது என்பது ஐரோப்பிய விதி. தம்புராவில் அவை ஒலிக்கின்றன. குதிரையின் வளைவும் ஜீவாளி நூலும் அதைச் செய்கின்றன என்று காட்டினார். பெயர் தெரியாத கைவினைஞர்கள் காதால் கண்டுபிடித்தவை இவை. ராமன் அந்தக் காதை மதித்தார். மதித்ததால்தான் அளந்தார், அளந்தபோது காது சொன்னது சரி என்று வந்தது. காது உண்மையிலேயே ஒன்றைக் கேட்டிருந்தால் அது எங்காவது அளவில் அகப்படும். அளக்காதே என்பவர் காதை மதிக்கவில்லை. தன் வாங்கலைக் காப்பாற்றிக்கொள்கிறார்.

இசைத்தட்டு மோகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இளையராஜாவின் எண்பதுகளின் எல்.பி.க்களைத் தேடி வாங்கிச் சேர்ப்பது இப்போது பெரிய வேட்டை. அட்டைப்படத்துக்காக, நினைவுக்காக, கையில் எடுத்துத் துடைத்து ஊசி வைக்கும் பக்திக்காகச் செய்தால் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அதில்தான் உண்மையான ஒலி இருக்கிறது, டிஜிட்டல் தொட்டால் உயிர் போய்விடும் என்கிறார்களே, அதை ஏற்க முடியாது. அமெரிக்காவில் மொபைல் ஃபிடெலிட்டி என்ற நிறுவனம் விலை உயர்ந்த இசைத்தட்டுகளை வெளியிட்டு, உலகெங்கும் உள்ள ஆடியோஃபைல்களின் நன்மதிப்பைப் பெற்றிருந்தது. மூல டேப்பிலிருந்து டிஜிட்டல் படாமல் வந்த சுத்த ஒலி என்று எல்லோரும் நம்பினார்கள், கொண்டாடினார்கள். 2022-இல் உண்மை வெளியே வந்தது: பல ஆண்டுகளாகவே நடுவில் ஒரு டிஜிட்டல் படி இருந்திருக்கிறது. டிஜிட்டல் பட்டால் உடனே தெரிந்துவிடும் என்று சொன்ன எந்தக் காதும் அத்தனை ஆண்டும் அதைப் பிடிக்கவில்லை.

நேரடி இசைபோல ஒலிக்க வேண்டும் என்பதே குறிக்கோள் என்பார்கள். நல்ல குறிக்கோள். ஆனால் எந்த நேரடி இசை? இன்றைய சபாக்களில் வயலினில் ஒரு ஒட்டு மைக், மிருதங்கத்துக்கு இரண்டு மைக், மேடையோரம் ஆளுயரப் பெட்டிகள். கேட்பது மேடையை அல்ல, மைக் செட்டை. ஸ்ரீரங்கம் கோயிலில் மார்கழித் திருநாளில் வீணை ஏகாந்தம் நடக்கிற ஊர் இது. வீணை என்பது எவ்வளவு சன்னமாகப் பேசும் வாத்தியம் என்று தெரிந்துகொள்ள இங்கே வழியுண்டு. மைக் இல்லாமல் நாலடி தள்ளி உட்கார்ந்து அதைக் கேட்டவர், கடையின் கண்ணாடி அறையில் சுவர் அதிர வீணையை ஒலிக்கவிட்டு எவ்வளவு தத்ரூபம் என்று சொல்வதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

கடையில் ஒலிக்கவிடுவது பெரும்பாலும் வீணையும் அல்ல. ஈகிள்ஸ் குழு 1994-இல் மேடையில் வாசித்த ஹோட்டல் கலிஃபோர்னியாவை இந்தியாவில் ஒலிக்கருவி வாங்கப் போன அத்தனை பேரும் கேட்டிருப்பார்கள். நல்ல பதிவு, அதில் சண்டையில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அதுவும் அதைப் போன்ற பத்துப் பதிவுகளும்தான் ஓடுகின்றன. ஆலத்தூர் சகோதரர்களைப் போடுங்கள் என்று கேட்டால், "அது மோனோ சார், இந்த செட்டில் நன்றாயிருக்காது" என்கிறார்கள்.

எனக்கு மனம் கொதிப்பது இந்த இடத்தில்தான். திருச்சியை அடுத்த ஆலத்தூரின் பெயரைத் தாங்கிப் பாடிய சீனிவாச ஐயரும் சிவசுப்பிரமணிய ஐயரும் பல்லவிக்குப் பெயர் போனவர்கள். சிவசுப்பிரமணிய ஐயர் 1965-இல் காலமானார். அந்த ஜோடியின் குரல் நமக்குக் கிடைப்பது அதற்கு முந்திய மோனோ டேப்புகளில்தான். இன்னொரு முறை ஸ்டீரியோவில் பாடித்தர அவர்களால் முடியாது. ஒரு தாளக் கட்டை இருவரும் பிரித்து எடுத்துக்கொண்டு எடுப்பில் வந்து சேர்கிற இடத்துக்கு 20,000 ஹெர்ட்ஸ் தேவையில்லை. அதைக் கேட்கவொட்டாமல் செய்கிற கருவி எத்தனை லட்சம் பெற்றாலும் இசைக்குத் துணையல்ல, அதற்குத் தடை.

நம் தாத்தா பாட்டிகள் எதில் கேட்டார்கள்? திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16-இல் தொடங்கியது. நாடு விடுதலையானபோது இந்தியாவின் பங்குக்கு வந்த ஆறே நிலையங்களில் அதுவும் ஒன்று. மத்திய அலையில் பக்கத்துப் பக்கத்து நிலையங்களுக்கு நடுவே 9 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி. பெரும்பாலான ரேடியோப் பெட்டிகளில் 4,500, 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் வராது. அந்தப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் தோடியையும் பைரவியையும் முதல் பிடியிலேயே அடையாளம் கண்டார்கள். இன்னாருடைய வில் என்று வயலினை வைத்தே சொன்னார்கள். லால்குடியிலிருந்து வந்த ஜெயராமனின் வாசிப்பைப் பிரித்தறிய அவர்களுக்கு அந்தக் குறுகிய அலைவரிசை போதுமாக இருந்தது. ரேடியோ ஒலி உயர்ந்தது என்று நான் வாதிடவில்லை. அதன் கரகரப்புக்கு ஏங்கவும் இல்லை. ராகமும் லயமும் வாழ்கிற பகுதி எது என்பதற்கு அந்தத் தலைமுறை சாட்சி. அந்தப் பகுதியைச் சுத்தமாகத் தருவதற்கு நடுத்தர விலையில் ஒரு நல்ல ஜோடி ஸ்பீக்கரும், சரியாக அடுக்கிய அறையும் தாராளம்.

பழைய பதிவின் குறையைக் கருவி பெரிதாக்கிக் காட்டுகிறது, அதனால் கேட்க முடியவில்லை என்று சொல்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். அந்தக் குறையில் பெரும்பங்கு பாடியவர்களுடையதும் அல்ல, அன்று பதிந்தவர்களுடையதும் அல்ல; படியெடுத்தவர்களுடையது. ரசிகர்கள் ஸ்பூல் டேப்பில் பதிந்து வைத்த கச்சேரிகள் கையிலிருந்து கைக்கு மாறி, டேப்பிலிருந்து கேசட்டுக்கு, கேசட்டிலிருந்து இன்னொரு கேசட்டுக்கு, கடைசியில் எம்பி3-க்கு வந்து சேர்ந்திருக்கின்றன. டேப்பைப் படிக்கும் தலை ஒரு நூலளவு சாய்ந்திருந்தாலே மேல் ஸ்தாயி மங்கிப்போகும். அந்தச் சாய்வைச் சரிசெய்யாமல் எடுத்த படியை, டிஜிட்டல் கோப்பை ஒலியாக்கும் எந்த விலை டி.ஏ.சி.யில் போட்டாலும் போனது திரும்பாது. மூல டேப்பை எடுத்து, சாய்வைச் சரிசெய்து, புதிதாகப் படியெடுத்தால் திரும்பும். 24 பிட்டுக்கு உண்மையான வேலை இருக்கும் இடம் இதுதான். ஒரே முறை ஓடத் தாங்கும் டேப்பிலிருந்து எடுக்கும்போது சத்த அளவில் தவறு நேராமலிருக்க அது இடம் தருகிறது.

மூல டேப்புகள் பரணில் கிடக்கின்றன. ஐம்பதுகளின் அசிடேட் டேப் இந்த ஊர் வெயிலில் வினிகர் வாடை அடிக்கத் தொடங்கினால், சுருங்கிச் சுருண்டு போகும் நாள் நெருங்கிவிட்டது என்று பொருள். எழுபது எண்பதுகளின் சில டேப்புகள் ஈரம் குடித்துப் பிசுபிசுத்துத் தலையில் ஒட்டுகின்றன. பதமான சூட்டில் மணிக்கணக்கில் உலர்த்திய பிறகே ஓடும், அதுவும் கொஞ்ச காலத்துக்குத்தான். பெரியவர் காலமானதும் வீட்டைக் காலி செய்யும்போது இவை பழைய சாமான்காரரிடம் போய்விடுகின்றன. இவற்றைக் காப்பாற்ற ஓடும் நிலையில் ஒரு ஸ்பூல் டெக் வேண்டும்; அதைத் திறந்து தலையைச் சுத்தம் செய்யவும், சாய்வுத் திருகை எவ்வளவு திருப்புவதென்று கேட்டு நிறுத்தவும் தெரிந்த ஆள் வேண்டும்; பொறுமையும் கொஞ்சம் பணமும் வேண்டும். இந்த நாலும் ஒருங்கே இருப்பவர்கள் திருச்சியில் யார் என்று பார்த்தால், நான் இவ்வளவு நேரம் மறுத்துக்கொண்டிருந்த அதே நண்பர்கள்தான். அடுத்த ஆம்ப்ளிஃபயருக்கு எடுத்து வைத்திருக்கும் பணத்தில் ஒரு பரண் டேப்புகளை முழுக்கப் படியெடுத்துவிடலாம்.